கோதுமை இல்லாத சைவச் சமையல்: கடையில் எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

என் மகளுக்கு சீலியாக் நோய் என்று உறுதியானதிலிருந்து கோயம்புத்தூர் கடைகளில் 'குளூட்டன் ஃப்ரீ' என்று எழுதி வைத்திருக்கும் சாமான்களில் கிட்டத்தட்ட எல்லாமே எங்கள் சமையலறைக்கு வந்து போயிருக்கிறது. நாங்கள் சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. இதே நிலையில் இருக்கிற வீடுகளுக்கு உதவும் என்றுதான் எது தேறியது, எது தேறவில்லை என்று எழுதுகிறேன். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விலை கூடிய பாக்கெட்டுகளைவிட சாதாரண மளிகைக்கடை அரிசியும் பருப்பும் கம்பும் சோளமும்தான் ருசியில் ஜெயித்தன. ஆனால் அதே மளிகைக்கடையில் கோதுமை நாம் நினைக்காத சாமான்களிலும் புகுந்திருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: கோதுமை, பார்லி, ரை இந்த மூன்றிலும் இருக்கிற குளூட்டன் என்ற புரதம் சீலியாக் உள்ளவர்களின் சிறுகுடலைப் பாதிக்கிறது. இதற்கு மருந்து கிடையாது, வாழ்நாள் முழுக்க அதைத் தவிர்ப்பதுதான் வைத்தியம். கொஞ்சம் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது என்ற பேச்சுக்கே இடமில்லை. சந்தேகம் இருந்தால் பரிசோதனைகள் எல்லாம் முடியும் வரை கோதுமையை நிறுத்தாதீர்கள், நிறுத்திவிட்டுப் பரிசோதித்தால் முடிவு சரியாக வராது.

இப்போது பெருங்காயம். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டும், ஏனென்றால் சாம்பார், ரசம், முறுக்கு, தயிர்சாதத் தாளிப்பு, மாவடு என்று இது போகாத இடமே இல்லை. கடையில் டப்பாவில் வரும் தூளோ, கட்டியாக வரும் பெருங்காயமோ, இரண்டுமே பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம்தான். அசல் பிசின் கொஞ்சம், மீதி வேலம்பிசினும் மாவும். அந்த மாவு பல பிராண்டுகளில் கோதுமை மாவு அல்லது மைதா. டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும், வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்துப் படித்தால்தான் தெரியும். சோறும் ரசமும் மட்டும் சாப்பிடுகிற குழந்தைக்கு ஏன் வயிற்றுவலி நிற்கவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் வீடுகளுக்கு நான் முதலில் சொல்வது, பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாருங்கள் என்பதுதான்.

இதற்கு இரண்டு வழி இருக்கிறது. அரிசி மாவு சேர்த்த பெருங்காயத் தூள் இப்போது கிடைக்கிறது, டப்பாவிலேயே குளூட்டன் இல்லை என்று போட்டிருப்பார்கள். அன்றாடத் தாளிப்புக்கு அது போதும், வாசனை மட்டும் ஒரு மாற்றுக் குறைவு. எனக்குப் பிடித்தது இன்னொன்று, நாட்டு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் பால் பெருங்காயம், அதாவது மாவு கலக்காத அசல் பிசின். விலையைக் கேட்டால் தூக்கிவாரிப் போடும், ஆனால் மிளகில் பாதி அளவு கிள்ளிப் போட்டாலே ஒரு பாத்திரம் சாம்பாருக்குக் காணும். பிசுபிசுவென்று கையில் ஒட்டும், அதனால் வாங்கி வந்ததும் அரிசி மாவில் புரட்டி மிளகு மிளகாக உருட்டிக் காற்றுப் புகாத சீசாவில் போட்டு வைத்துவிடுவேன். எண்ணெய் காய்ந்ததும் ஒரு உருண்டையைப் போட்டால் பொரிந்து பொன்னிறமாகும், அந்த வாசனை வாசல் வரைக்கும் வரும். இதை ஒரு தடவை பழகிவிட்டால் டப்பாத் தூளுக்குத் திரும்ப மனம் வராது. இந்த வரிசையில் முதல் மதிப்பெண் இதற்குத்தான்.

அடுத்தது சிறுதானிய நூடுல்ஸ், சிறுதானிய சேமியா. 2023 சிறுதானிய ஆண்டாக அறிவிக்கப்பட்ட பிறகு எந்த சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனாலும் இவற்றுக்குத் தனி அலமாரி. பாக்கெட்டின் முன்னால் பெரிய எழுத்தில் தினை, வரகு, ராகி என்று போட்டு கதிரின் படமும் இருக்கும், திருப்பிப் பார்த்தால் சேர்மானப் பட்டியலில் முதல் பெயரே கோதுமை மாவாகவோ மைதாவாகவோ இருக்கும். நான் எடுத்துப் பார்த்த ராகி சேமியாக்களில் பலதும் இப்படித்தான். இது எனக்கு உண்மையிலேயே கோபம் வரவழைக்கிற விஷயம். சிறுதானியம் என்றால் கோதுமை கிடையாது என்று நம்பித்தான் சீலியாக் குழந்தையின் வீட்டில் வாங்குகிறார்கள். சேர்மானப் பட்டியலில் எது அதிகமோ அதுதான் முதலில் வரும், கீழே ஒவ்வாமை பற்றிய வரியில் கோதுமை இருக்கிறது என்று போட்டிருப்பார்கள், இந்த இரண்டையும் பார்க்காமல் கூடையில் போடாதீர்கள். குளூட்டன் ஃப்ரீ என்று போட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி. ஆக அந்த வார்த்தைக்கு ஒரு அர்த்தம் இருக்கிறது, 'மல்ட்டிகிரெய்ன்' என்ற வார்த்தைக்கு அந்த மாதிரி எதுவும் இல்லை.

நூடுல்ஸ் கேட்டு அழும் குழந்தைக்கு நான் சிபாரிசு செய்வது காய்ந்த அரிசி சேவை. அரிசியும் உப்பும்தான் சேர்மானம், சிலதில் மரவள்ளி மாவு கொஞ்சம் இருக்கும். கொதிக்கிற தண்ணீரில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு சேவையைப் போட்டு மூடி, சில நிமிடத்தில் வடிகட்டினால் உதிரி உதிரியாக வரும். வடித்ததும் பச்சைத் தண்ணீரில் ஒரு அலசு அலச வேண்டும், இல்லையென்றால் ஒட்டிக்கொள்ளும். எலுமிச்சை, தேங்காய், புளி எல்லாமே பொருந்தும், குடைமிளகாயும் கேரட்டும் வதக்கிப் போட்டால் நூடுல்ஸ் கேட்ட பிள்ளையும் தட்டைக் காலி செய்கிறது. எங்கள் கொங்குப் பக்கத்தில் வீட்டில் பிழிகிற சந்தகைக்கு இது ஈடாகாதுதான், அந்த மென்மை வராது. ஆனால் காலை ஏழு மணிக்கு யார் அரிசியை ஆட்டி வேகவைத்துப் பிழிய முடியும்? வார நாளுக்கு இது தாராளமாகத் தேறும்.

குளூட்டன் இல்லாத சப்பாத்தி மாவு என்று விற்பது அரிசி, சோளம், கம்பு, மரவள்ளி எல்லாம் கலந்து, பிடிப்புக்கு சாந்தன் கம் சேர்த்தது. சாதாரண கோதுமை மாவைவிடப் பல மடங்கு விலை. கொதிநீர் ஊற்றிப் பிசைந்து, சூடாக இருக்கும்போதே இரண்டு பாலிதீன் தாளுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தால் கிழியாமல் வருகிறது, கல்லிலிருந்து எடுத்த உடனே சாப்பிட்டால் நன்றாகவும் இருக்கிறது. ஆனால் மதிய டப்பாவுக்கு வைத்தால் அப்பளம் மாதிரி விறைத்துவிடும். அதே விலைக்கு மூன்று கிலோ வெள்ளைச் சோளம் வாங்கி அரைத்து, கொதிநீரில் பிசைந்து வாழையிலையில் தட்டிப் போட்டால் அதைவிட ருசியான ரொட்டி கிடைக்கும். கத்தரிக்காய்க் கடைசலோ கொள்ளுப் பருப்போ இருந்தால் வேறு ஒன்றும் வேண்டாம். பிரெட், பிஸ்கட் வகையறா சுமார்தான், வெறும் மாவுச்சத்தும் சர்க்கரையும். பிறந்த நாளுக்கு வாங்கலாம், தினசரிக்கு வேண்டாம்.

அரைக்கிற இடத்தையும் சொல்லியாக வேண்டும். மாவு மில்லில் கோதுமை அரைத்த அதே மெஷினில் உங்கள் ராகியைக் கொட்டினால் முதலில் வந்து விழுவது முன்னால் போனவரின் கோதுமை மாவு. எனக்குப் பழக்கமான மில்காரர் விஷயத்தைப் புரிந்துகொண்டு அரிசிக்கு மட்டும் வைத்திருக்கும் மெஷினில் போட்டுத் தருகிறார், ஆனால் எல்லாரும் அப்படி மெனக்கெட மாட்டார்கள். மிக்சியில் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துச் சலித்துக்கொள்வது பாதுகாப்பு. சல்லடையும் தனியாக இருக்கட்டும், மைதா சலித்ததை எவ்வளவு கழுவினாலும் வலைக்கண்ணில் ஒட்டியிருக்கும்.

சத்துமாவு வாங்கும்போதும் கவனம் வேண்டும். வறுத்த கோதுமையும் பார்லியும் இல்லாத கடைச் சத்துமாவு அபூர்வம், அதனால் நான் வீட்டிலேயே முளைகட்டிய ராகி, பொட்டுக்கடலை, பாசிப்பயறு, நிலக்கடலை வறுத்துத் திரித்துக்கொள்கிறேன். ராகியில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, குடல் பாதித்த குழந்தைக்கு அது பெரிய விஷயம். ஹார்லிக்ஸ் மாதிரி மால்ட் பானங்கள் பார்லியிலும் கோதுமையிலும் செய்வது, அவை வேண்டவே வேண்டாம். ஓட்ஸ் தன்னளவில் வேறு தானியம் என்றாலும் கோதுமையோடு கலந்துவிடுவது சகஜம், குளூட்டன் ஃப்ரீ முத்திரை இல்லாமல் வாங்காதீர்கள்.

வெளியே சாப்பிடுவதுதான் கஷ்டம். இட்லி, இடியாப்பம், தேங்காய்ச் சட்னி ஓரளவு நம்பலாம். தோசையில் சிக்கல் கல்லில் இருக்கிறது, ரவா தோசையும் அதே கல்லில்தான் வார்ப்பார்கள். மெதுவடை உளுந்துதான், ஆனால் பூரி பொரித்த எண்ணெயில் விழுந்தால் போச்சு. கோபி மஞ்சூரியனில் மைதாவோடு சோயா சாஸும் சேர்கிறது, சாதாரண சோயா சாஸ் கோதுமை போட்டுப் புளிக்கவைத்தது. சைவ மட்டன், சைவச் சிக்கன் என்று பரிமாறுவதில் பல வகை கோதுமைப் புரதத்தாலேயே செய்தவை, அந்தப் பக்கமே போக வேண்டாம். நகரத்தில் பெயர் போன ஒரு சைவ ஓட்டலில் சாம்பாரில் என்ன பெருங்காயம் என்று கேட்டதற்கு, "அதெல்லாம் எங்களுக்குத் தெரியாதும்மா, சாப்பிட்டா சாப்பிடுங்க" என்று பதில் வந்தது. வேறொரு சின்ன மெஸ்ஸில் சமையல்கார அண்ணன் டப்பாவையே எடுத்து வந்து காட்டினார், "பாப்பாவுக்குத் தனியா தாளிச்சுத் தரேங்க" என்றார். மாதத்தில் எப்போதாவது வெளியே போனால் இப்போது அங்கேதான்.

இனிப்பில் நமக்குக் குறை இல்லை. திருநெல்வேலி அல்வா கோதுமைப் பாலில் கிண்டுவது, அதை விட்டுவிட வேண்டியதுதான். கோவில்பட்டிக் கடலைமிட்டாய் நிலக்கடலையும் வெல்லப்பாகும், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா பாலும் சர்க்கரையும். அதிரசம் அரிசி மாவு, ஜாங்கிரி உளுந்து, ஆனால் இனிப்புக் கடையில் வாங்கும்போது மாவில் மைதா சேர்ப்பார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பள்ளி டப்பாவுக்கு எங்கள் வீட்டில் அதிகம் போவது அரிசிம்பருப்பு சாதம். துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, மிளகு சீரகம் தட்டிப்போட்டு குக்கரில் ஒரே வேலையாக முடிந்துவிடும், இதற்குப் பெருங்காயமே தேவையில்லை. திங்கட்கிழமை அது, மறுநாள் அரிசி உப்புமா, அப்புறம் அடை, எலுமிச்சை சேவை, வெள்ளிக்கிழமை தயிர் விட்ட கம்பஞ்சோறு. இதில் சேவையைத் தவிர எதற்கும் பாக்கெட் பிரிக்க வேண்டியதில்லை.