அத்தைக்கு மகன் இருக்கிறானாம்

இந்தப் பொங்கலுக்கு மூன்று வார விடுப்பில் சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் போயிருந்தேன். திருச்சியில் இறங்கி, தஞ்சாவூர் மாவட்டக் கடலோரத்தில் இருக்கும் எங்கள் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள் காலையிலேயே அத்தை ஒரு மஞ்சள் பையோடு வந்துவிட்டார். பைக்குள் ஆதார், ரேஷன் கார்டு, பாங்கு பாஸ்புக், எல்லாவற்றுக்கும் அடியில் நாலாய் மடித்த ஒரு தாள்.

“இதுல என்னப்பா எழுதியிருக்கு, படிச்சுச் சொல்லு” என்றார்.

முதியோர் உதவித்தொகை கேட்டுப் போட்ட மனு தள்ளுபடியான தாள். காரணம் ஒரே வரி. மனுதாரர் மகன் ஆதரவில் உள்ளார்.

அந்த மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லர். இரண்டு பெண் பிள்ளைகள், வாடகை வீடு, தவணையில் வாங்கிய பைக். தீபாவளிக்கு வருவான், அம்மாவுக்குப் புடவை எடுத்துத் தருவான், திரும்பும்போது பஸ் காசை அவரிடமே வாங்கிக்கொண்டு போன வருஷமும் உண்டு. கெட்டவன் இல்லை. கையில் இல்லாதவன்.

ஊரில் இந்த உதவித்தொகையை யாரும் முழுப் பெயர் வைத்துக் கூப்பிடுவதில்லை. ‘ஓ.ஏ.பி. பணம்’, இல்லையென்றால் ‘முதியோர் பணம்’. 1962இல் காமராஜர் ஆட்சியில் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. 2011இல் 1,000 ஆயிற்று, 2023 ஆகஸ்டிலிருந்து 1,200. இதில் மத்திய அரசின் திட்டத்தில் வருபவர்களுக்கு 60 வயதிலிருந்து 79 வரை டில்லி கொடுப்பது வெறும் 200 ரூபாய், 80 தாண்டினால் 500. மிச்சத்தை மாநிலம் போட்டு நிரப்புகிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வேட்டி சேலை உண்டு. சிங்கப்பூர்க் கணக்கில் பார்த்தால் 1,200 ரூபாய் இருபது வெள்ளிகூட (சிங்கப்பூர் டாலர்) இல்லை. ஆனால் அத்தையின் கணக்கில் அது மாதம் முழுக்க மளிகையும் பிரஷர் மாத்திரையும்.

“நான் மாசாமாசம் அனுப்புறேன் அத்தை, இதுக்கு ஏன் அலையணும்” என்று கேட்டுப் பார்த்தேன். “உன் காசு வேற, கவர்மெண்டு காசு வேற. உன் காசு வந்தா உன் பொண்டாட்டிக்குத் தெரியும்ல” என்றார். அதற்குமேல் நான் பேசவில்லை.

தள்ளுபடி ஆனதற்கு அடிப்படை ரேஷன் கார்டு. அப்போது கார்டில் மகன் குடும்பமும் சேர்ந்தே இருந்தது. அதே கூட்டுக் கார்டால்தான் 2023இல் மகளிர் உரிமைத் தொகை வந்தபோதும் அத்தைக்குக் கிடைக்கவில்லை. கார்டுக்கு ஒரு பெண்தான், அது மருமகள் பெயரில் போய்விட்டது. பிறகு மகன் பேர் நீக்கி திருப்பூரில் தனிக் கார்டு வாங்கிக்கொண்டான். இப்போது அத்தை ஒற்றை ஆள் கார்டு. சரி, புது மனு போடலாம் என்று இ-சேவை மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

நல்ல விஷயத்தையும் சொல்ல வேண்டும். நான் சிங்கப்பூர் போன காலத்தில் இந்த மனுவைத் தாலுகா ஆபீஸ் வாசலில் எழுதிக் கொடுப்பவரிடம் எழுதி வாங்கி, உள்ளே கொடுத்துவிட்டு, அது எந்த மேசையில் கிடக்கிறது என்றே தெரியாமல் நடக்க வேண்டும். இப்போது கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் அரை மணி நேரத்தில் கேன் எண் (இ-சேவையில் மனு போட ஆளுக்கு ஒரு பதிவு எண்) எடுத்து, தாள்களை ஸ்கேன் பண்ணி ஏற்றி, ரசீது கொடுத்துவிட்டாள். போனிலேயே மனு எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். ஆதாரில் அத்தையின் பிறந்த தேதி ஜனவரி 1. எங்கள் தெருவில் பாதிப் பேர் அன்றைக்குத்தான் பிறந்தவர்கள்.

ஆனால் கம்ப்யூட்டர் கொண்டுபோய் விடுவது பழைய இடத்துக்குத்தான். மனு வி.ஏ.ஓ.விடம் வர வேண்டும், வருவாய் ஆய்வாளரான ஆர்.ஐ. விசாரிக்க வேண்டும், சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனித் தாசில்தார் உத்தரவு போட வேண்டும். அவர்கள் எல்லாரும் தேடுவது ஒரே சொல்லைத்தான். ஆதரவற்றவர்.

நாங்கள் வி.ஏ.ஓ.வைப் பார்க்கப் போனோம். மரியாதையாகத்தான் பேசினார். “அம்மாவுக்குப் பசங்க?” “ஒரு பையன் சார், திருப்பூர்ல. பார்க்கிற நிலைமையில இல்ல.” “நீங்க யாரு?” “அண்ணன் மகன் சார்.” “எங்க இருக்கீங்க?” நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை பெருமையாகச் சொல்லிவிட்டார்: “சிங்கப்பூரு!”

அவர் பேனாவை மூடி வைத்தார். “அப்புறம் என்ன சார், நீங்க இருக்கீங்களே.”

என் மணிக்கட்டில் இருந்த வாட்சை அப்போதுதான் கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கலாமோ என்று தோன்றியது. உதவப் போன நானே அத்தையின் மனுவுக்கு எதிர்ச் சாட்சியாகிவிட்டேன்.

என் மாமியாருக்கு சிங்கப்பூரில் சில்வர் சப்போர்ட் என்ற, முதியோருக்கான அரசு உதவிப் பணம் வருகிறது. உணவங்காடி நிலையத்தில் மேசை துடைத்த வேலை, மூவறை வீவக (அரசு அடுக்குமாடி) வீடு. அவர் எங்கும் மனுப் போடவில்லை. 55 வயதுக்குள் மசேநியில் (மத்திய சேம நிதி, சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் கணக்கு) மொத்தம் 140,000 வெள்ளிக்கு மேல் சேராதவர்கள், 65 வயது ஆன குடிமக்கள் யார் யார் என்று அவர்களிடமே கணக்கு இருக்கிறது. கடிதம் வீட்டுக்கு வரும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பணம் வங்கியில் விழும். வீட்டைப் பொறுத்துத் தொகை மாறும், 2025 முதல் காலாண்டுக்கு அதிகபட்சம் 1,080 வெள்ளி.

அங்கேயும் பிள்ளைகளைப் பார்க்காமல் இல்லை. ஒரே வீட்டில் இருப்பவர்களின் வருமானத்தைத் தலைக்கு வகுத்து, மாதம் 2,300 வெள்ளிக்கு மேல் போனால் கிடையாது. மாமியார் எங்களோடு வந்துவிட்டால், எங்கள் இருவர் சம்பளத்தில் அது நின்றுபோகும். அதனால்தான் தனியாக இருக்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம்கூட உண்டு. ஆனாலும் அங்கே எண்ணுவது காசை. இங்கே எண்ணுவது ஆளை. மகன் என்று ஒரு தலை இருந்தால் போதும், அதன் சட்டைப்பையில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

அந்த வாரத்திலேயே மாரியம்மன் கோயில் வாசலில் முதியோர் பணம் பட்டுவாடா நடந்தது. பாங்கிலிருந்து ஒரு பையன் கையடக்க மெஷினோடு வந்து திண்ணையில் உட்கார்ந்தான். பதினைந்து இருபது பேர் காத்திருந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். ரேகை வைத்தால்தான் பணம். எங்கள் பக்கத்துக் கிழவிகள் ஆயுசு முழுக்கக் கீற்று முடைந்தவர்கள். விரலில் ரேகை ஏது? ஒரு பாட்டி கட்டை விரலை வைத்தார், சிவப்பு விளக்கு. ஆள்காட்டி விரல், சிவப்பு. முந்தானையில் துடைத்து வைத்தார், சிவப்பு. கடைசியில் விரலைத் தலைமுடியில் நன்றாகத் தேய்த்து எண்ணெய்ப் பசை ஏற்றி வைத்ததும் பச்சை எரிந்தது. அந்தப் பையன் ஒருவரிடமும் எரிந்து விழவில்லை, “அவசரமில்ல ஆத்தா, அடுத்த விரல்” என்று சொல்லிக்கொண்டே இருந்தான். மணியார்டரில் வந்த காலத்தில் போஸ்ட்மேனுக்குப் பத்து ரூபாய் அழ வேண்டியிருந்தது என்று பக்கத்திலிருந்த தாத்தா சொன்னார். “ஆனா அப்ப எந்த விரல வச்சாலும் செல்லும் தம்பி.”

நான் கிளம்புவதற்கு நாலு நாள் முன்னால் ஆர்.ஐ. விசாரணைக்கு வருவதாகத் தகவல் வந்தது. அத்தை காலையிலேயே வந்து நின்றார். “நீ கடைத்தெருப் பக்கம் போயிட்டு மத்தியானமா வா. வீட்டுல இருக்காத.” போனேன். டீக்கடையில் இரண்டு டீ, ஒரு தினத்தந்தி முழுக்க. திரும்பி வந்தபோது விசாரணை முடிந்திருந்தது. கஜா புயலில் தூக்கிப்போன ஓட்டுக்குப் பதிலாகப் போட்ட தகரத்தைப் பார்த்தாராம், அடுப்படியைப் பார்த்தாராம், பக்கத்து வீட்டில் இரண்டு பேரிடம் கேட்டாராம். மகனைப் பற்றிக் கேட்டதற்கு அத்தை, “அவனுக்கே நான்தான் ஆதரவு” என்று சொன்னாராம். சொல்லிவிட்டுச் சிரித்தார்.

நான் ஊரை விட்டுக் கிளம்பும்வரை மனு நிலுவையில்தான் இருந்தது. சித்திரை கடைசியில் அத்தை போன் பண்ணினார். உத்தரவு வந்து முதல் மாதப் பணமும் வாங்கியாயிற்று. ஒன்பது விரல் சிவப்பாம், இடது கை மோதிர விரல் மட்டும் பச்சை. இப்போது கீற்று முடையும்போது அந்த ஒரு விரலுக்குத் துணி சுற்றிக்கொள்கிறாராம்.