ஃபைப்ரோ வீட்டை இடித்துக் கட்டப் போகிறவர்களுக்கு: இரண்டு போத்தல் மண்ணை நம்பி நாங்கள் ஏமாந்த விதம்

மேற்குச் சிட்னியில் பழைய ஃபைப்ரோ வீடொன்றை வாங்கி, அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட எண்ணியிருக்கும் நம்மவர்கள், மண் பரிசோதனைக்கு ஆள் அமர்த்தும் முன் இதை வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மண்ணில் அஸ்பெஸ்டஸ் (இழைகள் மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலைக் கெடுக்கும் நார்க் கனிமம்) இல்லை என்று கையொப்பமிட்ட இரண்டு பக்க அறிக்கை எங்களிடம் இருந்தது. ஆனாலும் அத்திவாரம் தோண்டத் தொடங்கிய முதல் நாளிலேயே வேலை நின்றுபோனது.

டூங்காபியில் நாங்கள் வாங்கிய வீடு 1950களில் கட்டப்பட்டது. சுவர், குளியலறை, கூரை விளிம்பு எல்லாமே ஃபைப்ரோ, அதாவது அஸ்பெஸ்டஸ் கலந்த சீமெந்துத் தகடு. அத்தகைய தகடு 10 சதுர மீற்றருக்கு மேல் இருந்தால் உரிமம் பெற்றவரே அகற்ற வேண்டும் என்பது இங்குள்ள சட்டம். எங்கள் இடிப்பு ஒப்பந்தக்காரருக்கு உரிமம் இருந்தது. அவருடைய ஆட்கள் தகடுகளைக் கையால் கழற்றி, பொலித்தீனில் சுற்றி ஏற்றியதை நானே நின்று பார்த்தேன். அதில் எனக்குக் குறையில்லை.

அதன்பின் மண்ணைப் பரிசோதிக்கவென்று "சுயாதீனமான" ஆலோசகர் ஒருவரை அந்த ஒப்பந்தக்காரரே அழைத்துவந்தார். கட்டணம் 600 டொலர். வந்தவர் முன்புறப் புல்தரையில் கைத்துளைப்பானால் இரண்டு குழி போட்டு, இரண்டு சிறிய போத்தல்களில் மண்ணை நிரப்பிக்கொண்டு முக்கால் மணி நேரத்துக்குள் புறப்பட்டுவிட்டார். உடைந்த கொங்கிரீட் கிடந்த பின்வளவுப் பக்கம் அவர் போகவேயில்லை. ஒரு வாரத்தில் "அஸ்பெஸ்டஸ் கண்டறியப்படவில்லை" என்று அறிக்கை வந்தது. அஸ்பெஸ்டஸ் கூரைக்குக் கீழேயே பிறந்து வளர்ந்த எங்களுக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் இயல்பாக அச்சம் எழுவதில்லை. அதனால் மேற்கொண்டு எதையும் கேட்கத் தோன்றவில்லை.

மூன்று வாரம் கழித்து, பின்வளவில் தோண்டிக்கொண்டிருந்த இயந்திரத்தை அதன் ஓட்டுநர் நிறுத்திவிட்டு இறங்கி, கையால் தொடாமல், சப்பாத்து நுனியால் எனக்குக் காட்டினார். சாம்பல் நிற ஃபைப்ரோத் துண்டு. ஒரு முகத்தில் மங்கிய பச்சை வண்ணம், மறுமுகத்தில் வரிசையாகச் சின்னஞ்சிறு குழிகள். அரை மீற்றர் ஆழம் வரை அதுபோலவே துண்டு துண்டாகக் கிடந்தன. கட்டுமான நிறுவனம் அன்றே வேலி அடைத்து ஆட்களைத் திருப்பி அழைத்துக்கொண்டது.

பிறகு நாங்களே தேடி அமர்த்திய இன்னொரு ஆலோசகர், முதல் அறிக்கையை வாசித்ததும், அதன் தலைப்பைத்தான் முதலில் காட்டினார். அது வெளியேற்றும் மண்ணைக் குப்பைமேட்டுக்கு அனுப்புவதற்கான கழிவு வகைப்பாட்டு அறிக்கை. காணியில் குடியிருக்கலாமா என்று சொல்லும் ஆய்வே அல்ல. பொடியாகாத தகட்டுத் துண்டுகளை இத்தகைய சிறு போத்தலில் பிடிக்க முடியாது. அவற்றுக்கென்று குழி வெட்டி, ஒவ்வொரு படையிலிருந்தும் 10 லீற்றர் மண்ணை எடுத்து, 7 மில்லிமீற்றர் சல்லடையில் சலித்து, தேங்கும் துண்டுகளை நிறுக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் தேசிய வழிகாட்டல் குடியிருப்புக் காணிக்கு வைத்திருக்கும் அளவு, கெட்டியான தகட்டு வடிவில் 0.01 சதவீத அஸ்பெஸ்டஸ். 10 லீற்றர் மண் ஏறத்தாழ 16 கிலோ என்றும், தகட்டில் 15 சதவீதம் அஸ்பெஸ்டஸ் என்றும் கொண்டால், அந்த 10 லீற்றரில் 11 கிராம் தகடு போதும், எல்லை எட்டிவிடும். தீப்பெட்டியின் முகப்பைவிடச் சற்றுச் சிறிய ஒரே துண்டு அது. பொடியாகிவிட்ட இழைகளுக்கோ எல்லை 0.001 சதவீதம், வழமையான ஆய்வுகூட முறை உறுதியாகக் கண்டறியும் அளவு கிலோவுக்கு 0.1 கிராம், அதாவது 0.01 சதவீதம். ஆகவே "கண்டறியப்படவில்லை" என்ற சொல், எல்லையைவிடப் பத்து மடங்கு இருந்தாலும்கூட வரக்கூடிய சொல். இதை எங்களிடம் ஒருவரும் சொல்லவில்லை.

அவர் அடுத்துச் செய்தது எனக்கு இன்றும் ஆற்றாமையைத் தருகிறது. மாநில அரசு இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் பழைய வான்படங்களைத் திறந்து, எங்கள் பின்வளவில் ஒரு கொட்டகை நின்றதையும், பிந்திய படத்தில் அது மறைந்துவிட்டதையும் பத்து நிமிடத்தில் காட்டிவிட்டார். உடைத்த கொட்டகையை அங்கேயே புதைத்து மண்ணை இழுத்துவிடுவது அந்நாளில் வழக்கமாம். காணியைப் பற்றிக் கவுன்சில் தரும் 10.7 திட்டமிடல் சான்றிதழில் எதுவும் இல்லையே என்று கேட்டேன். பதிவாகியிருந்தால் மட்டுமே அதில் வரும் என்றார்.

எங்கள் மகன் அந்த மண்ணில் விளையாடியிருந்தான். ஈரமண்ணில் கிடக்கும் கெட்டியான துண்டிலிருந்து இழை அதிகம் பறப்பதில்லை, இயந்திரத்தின் கீழ் நொறுங்கித் தூசாகும்போதுதான் ஆபத்து கூடுகிறது என்று அவர் பொறுமையாக விளக்கினார். அதன்பிறகும் என் மனைவி பல இரவுகள் தூங்கவில்லை.

மாசுபட்ட மண் 80 டன்னை அகற்றவும், மறுபரிசோதனைக்கும் சேர்த்து 40,000 டொலருக்கு மேல் போனது. ஆகவே விலைக்கோரலைக் கேட்கும்போதே சிலவற்றை எழுத்தில் வாங்கிவிடுங்கள்: பழைய வான்படங்கள் பார்க்கப்படுமா, பின்வளவிலும் வீடு நின்ற இடத்திலும் எத்தனை குழி, சலிப்பு உண்டா, பொடி இழைக்கு 0.001 சதவீதம் வரை அளக்கப்படுமா, அறிக்கை எந்த நோக்கத்துக்கு. கொங்கிரீட் தளங்களை எடுத்த பிறகே மண் எடுக்கச் சொல்லுங்கள். ஆலோசகரை இடிப்பவர் அழைத்துவர விடாதீர்கள். பணத்தையும் நீங்களே நேரடியாகக் கொடுங்கள்.

முதல் ஆலோசகர், தம்மிடம் கேட்கப்பட்டது அவ்வளவுதான் என்று ஒரு வரியில் மின்னஞ்சல் அனுப்பியதோடு சரி. முறைப்பாடு கொடுத்திருக்கிறோம், பதில் இன்னும் வரவில்லை.