ஜாக்கி தூக்கும், ஸ்டாண்டுதான் தாங்கும்: 3 டன் ஸ்டாண்டு ஜோடி, இரண்டு வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

பிரேக் பேட் மாற்ற, ஆயில் இறக்க, சக்கரங்களை இடம் மாற்றிப் போட என்று வருடத்துக்கு ஐந்தாறு முறை வீட்டிலேயே காரைத் தூக்குகிறவன் நான். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு செட்டாக வாங்கியது இது: 2 டன் ட்ராலி ஜாக்கி, பல்சக்கர மாதிரிப் பல் வைத்த 3 டன் ஸ்டாண்டு ஒரு ஜோடி, சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க இரண்டு ரப்பர் கட்டை. ஸ்டாண்டைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப் போகிறேன், ஏனென்றால் வண்டிக்கு அடியில் படுக்கும்போது நம் உயிர் அதன் மேல்தான் நிற்கிறது.

இதை வாங்கியதற்கே ஒரு காரணம் உண்டு. அதற்கு முன்னால் என்னிடம் இருந்தது பழைய ஜாக்கி ஒன்று மட்டும். ஒரு நாள் முன் சக்கரத்தைக் கழற்றி, வழக்கம்போல அதைப் படுக்க வைத்துக் கதவுக்குக் கீழே உள்ள பட்டைக்கு அடியில் தள்ளிவிட்டு, ஒரு ஸ்பானர் எடுக்க உள்ளே போனேன். தேடிக் கண்டுபிடித்துத் திரும்பி வர கால் மணி நேரம் ஆகியிருக்கும். வந்து பார்த்தால் வண்டி அந்தச் சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. சத்தம் எதுவும் கேட்கவில்லை, ஜாக்கி கவிழவும் இல்லை. உள்ளே சீல் தேய்ந்து ஆயில் கசிந்து, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்கிறது. அடியில் சக்கரம் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் பிரேக் டிஸ்க் தரையில் மோதியிருக்கும். நான் அடியில் கையை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

ஹைட்ராலிக் ஜாக்கி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதைத் தாங்கி நிற்பது ஆயிலும் ஒரு ரப்பர் சீலும்தான். ஸ்டாண்டில் அப்படி இல்லை, இரும்பின் மேல் இரும்பு உட்காருகிறது.

சரி, ஸ்டாண்டுக்கு வருவோம். நான்கு கால், நடுவில் பல் வெட்டிய தண்டு, பக்கத்தில் ஒரு கைப்பிடி. தண்டை மேலே இழுத்தால் டக் டக் என்று ஒவ்வொரு பல்லாக ஏறும், உள்ளே உள்ள நாக்கு பல்லில் விழுந்து பிடித்துக்கொள்ளும். இறக்க வேண்டுமென்றால் கைப்பிடியைத் தூக்க வேண்டும். இந்த மாடலை நான் தேர்ந்தெடுத்தது இதோடு கூடுதலாக ஒரு பின் வருகிறது என்பதற்காக. நாக்கு விழுந்த பிறகு தண்டின் ஓட்டை வழியாக அந்தத் தடித்த பின்னைக் குறுக்கே செருகிவிடலாம், நாக்கு நழுவினாலும் தண்டு கீழே போகாது. எல்லா உயரத்திலும் பின் நுழையாது என்பது ஒரு குறை. ஓட்டைகளுக்கு இடையே இரண்டு மூன்று பல் இடைவெளி இருப்பதால், எந்த உயரத்தில் நுழைகிறதோ அந்த உயரத்துக்கு வண்டியைத் தூக்கிக்கொள்கிறேன்.

இந்தப் பின் தேவைதானா என்று கேட்பவர்களுக்கு: 2020இல் அமெரிக்காவில் ஹார்பர் ஃபிரெய்ட் என்ற கருவி விற்கும் நிறுவனம் தன் 3 டன், 6 டன் ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற்றது. நாக்கு பல்லில் சரியாகப் பதியாமல், பாரம் அசைந்தால் நழுவிவிடலாம் என்பதுதான் பிரச்சினை. மாற்றாகக் கொடுத்த 3 டன் ஸ்டாண்டுகளிலும் வெல்டிங் குறை இருப்பது தெரிந்து அதே வருடம் அவற்றில் ஒரு மாடலையும் திரும்பப் பெற்றார்கள். அதனால் நான் ஒவ்வொரு முறையும் வண்டியை ஸ்டாண்டின் மேல் இறக்குவதற்கு முன்னால் டார்ச் அடித்து நாக்கு பல்லுக்குள் முழுதாக இறங்கியிருக்கிறதா, நுனியில் மட்டும் தொற்றிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்கிறேன். இரண்டு ஸ்டாண்டிலும் எத்தனை பல் ஏறியிருக்கிறது என்று எண்ணியும் விடுகிறேன், ஒரு பக்கம் ஒரு பல் கூடினால்கூட வண்டி சாய்ந்து உட்காரும். வாங்கியவுடன் கால்கள் சேரும் இடத்தில் வெல்டிங்கைத் தடவிப் பார்த்தேன். கனமான பெயிண்ட் அடித்திருந்ததால் ஒன்றும் தெரியவில்லை, அந்த இடத்தில் மட்டும் சுரண்டித்தான் பார்க்க வேண்டியிருந்தது. வெல்டிங் நன்றாகவே இருந்தது, ஆனால் வாங்குகிறவர் பார்க்க வேண்டிய இடத்தையே மூடி மறைத்து அனுப்புவது எனக்குப் பிடிக்கவில்லை.

இன்னொரு குறை பெட்டியில். 3 டன் என்று பெரிதாகப் போட்டிருக்கிறது, ஜோடிக்கு என்பது கீழே பொடி எழுத்தில். அதாவது ஒரு ஸ்டாண்டுக்கு ஒன்றரை டன். என் கார் 1,200 கிலோ, முன் பக்கம் இன்ஜின் இருப்பதால் ஏறக்குறைய 700 கிலோ அங்கே விழும், ஒரு ஸ்டாண்டுக்கு 350. தாராளமாகப் போதும். ஆனால் பெரிய வண்டி வைத்திருப்பவர்கள் அந்தப் பொடி எழுத்தைப் படிக்காமல் வாங்கக் கூடாது.

தலைப்பகுதி வெறும் இரும்பு, வளைந்த குழி மாதிரி இருக்கிறது. ஆக்சிலுக்கும் சேஸிஸ் கட்டைக்கும் அது பொருந்தும், ஆனால் கார்களில் பெரும்பாலும் தூக்குமிடம் என்பது கதவுக்குக் கீழே தகடுகள் சேர்ந்து விளிம்பாக நீட்டிக்கொண்டிருக்கும் இடம்தான். அந்த விளிம்பு நேராக இரும்பின் மேல் உட்கார்ந்தால் மடங்கிவிடும், சில சமயம் வழுக்கவும் வழுக்கும். நடுவில் பள்ளம் வெட்டிய ரப்பர் பேட் தனியாக வாங்கிப் போட்ட பிறகுதான் எனக்கு நிம்மதி. இதை செட்டிலேயே கொடுத்திருக்க வேண்டும்.

முதல் முறை செய்கிறவர்கள் எல்லோரும் மாட்டிக்கொள்கிற ஒரு இடம் உண்டு. பக்கவாட்டில் அந்த விளிம்பில் ஜாக்கியை வைத்துத் தூக்கிவிட்டால், ஸ்டாண்டு வைக்க வேண்டிய இடத்தில் ஜாக்கி நிற்கிறது. அப்போது கையில் கிடைத்த இடத்தில், ஆயில் சம்பிலோ (இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) மெல்லிய தரைத் தகட்டிலோ ஸ்டாண்டை வைக்கத் தோன்றும். வைக்கவே கூடாது. வண்டியோடு வந்த கையேட்டில் முன் பக்கம் நடுவில் குறுக்குச் சட்டத்தில் தூக்கலாம் என்று காட்டியிருந்தால் அங்கே தூக்கி, இரண்டு பக்க விளிம்பிலும் ஸ்டாண்டு வைப்பதுதான் சுலபம். என் வண்டியில் அந்த வசதி இருக்கிறது, இந்த ஜாக்கியின் கைப்பிடியும் பம்பருக்கு வெளியே நின்று பம்ப் செய்யும் அளவுக்கு நீளம். கையேட்டில் இல்லாத இடத்தை ஊகித்துத் தூக்காதீர்கள்.

ஜாக்கியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு வருடத்தில் ஒரு சொட்டு கசியவில்லை. தூக்கும்போது அதன் தலை வளைவாக மேலே போவதால், சின்னச் சக்கரங்கள் உருண்டு ஜாக்கியும் வண்டிக்கு அடியில் கொஞ்சம் நகர வேண்டும். சரளைக் கல்லில் சக்கரம் சிக்கினால் ஜாக்கி நகராது, வண்டிதான் இழுபடும். அதனால் கான்கிரீட் தரையில் மட்டும்தான் பயன்படுத்துகிறேன். இறக்கும்போது வால்வைக் கால் சுற்று திறந்தாலே போதும், அதற்கு மேல் திறந்தால் வண்டி தொப்பென்று விழுகிறது, இந்த விஷயத்தில் இது ரொம்பவே முரட்டு ஜாக்கி. ஆயில் குறைந்தால் ஜாக்கி ஆயில்தான் ஊற்ற வேண்டும், பிரேக் ஆயிலை ஊற்றினால் சீல் கெட்டுவிடும்.

ரப்பர் கட்டைகள் கனமாக, தரையைக் கவ்விக்கொண்டு நிற்கின்றன. ஹேண்ட்பிரேக் போட்டிருக்கிறேனே, கட்டை எதற்கு என்று நானும் ஒரு காலத்தில் கேட்டவன்தான். பெரும்பாலான கார்களில் ஹேண்ட்பிரேக் பின் சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும். பின் பக்கத்தைத் தூக்கிவிட்டால் பிடித்திருக்கிற சக்கரம் காற்றில் நிற்கிறது, தரையில் இருக்கிற முன் சக்கரம் உருளலாம். தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கட்டை வைத்த பிறகே ஜாக்கியைத் தொடுகிறேன். வீல் நட்டுகளையும் சக்கரம் தரையில் இருக்கும்போதே கொஞ்சம் தளர்த்திவிடுகிறேன், தூக்கிய பிறகு நீளமான ஸ்பானர் போட்டு உதறினால் வண்டி முழுக்க ஆடும்.

வெயிலில் சூடான தார்த் தரையில் இந்த ஸ்டாண்டை வைத்தால் கால்கள் அமிழ்ந்துவிடும், ஒரு முறை பார்த்தேன், விரல் நகம் அளவுக்கு நான்கு பள்ளம். அடியில் தடித்த பிளைவுட் துண்டு போட்டால் சமாளிக்கலாம். ஸ்டாண்டு வாங்கும் வரை ஹாலோ பிளாக்கை அடுக்கிச் சமாளிக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார், அதைக் கண்டிப்பாக வேண்டாம் என்று சொன்னேன். பாரம் ஒரே இடத்தில் விழுந்தால் அது எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் பொடிந்துவிடும்.

யாராவது கேட்டால் இந்த ஸ்டாண்டுகளை வாங்கச் சொல்வேன், ரப்பர் பேடையும் கூடவே. நான் இப்போது செய்வது இதுதான்: ஸ்டாண்டில் இறக்கியதும் பம்பரைப் பிடித்து நன்றாக ஆட்டிப் பார்ப்பேன், ஆட்டத்தில் ஸ்டாண்டு கால் எதுவும் தரையை விட்டு எழவில்லை என்றால் ஜாக்கியை லேசாகத் தொட்டபடி அங்கேயே விட்டுவிட்டு, கழற்றிய சக்கரத்தையும் அடியில் தள்ளுவேன். அப்புறம் வீட்டில் இருப்பவர்களிடம் அடியில் போகிறேன் என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு, போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படுப்பேன்.