சொல் கற்பிக்கும் கட்ட அட்டைகள்: அல்சூர் ஞாயிறு வகுப்பில் ஒரு பருவம்

பெங்களூரு அல்சூரில், எங்கள் குடியிருப்பின் பொது அறையில், ஞாயிறுதோறும் பதினான்கு குழந்தைகளுக்குத் தமிழ் கற்பித்து வருகிறேன். வீட்டில் தமிழும் பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் புழங்கும் இக்குழந்தைகளுக்குப் பேச்சு தடையின்றி வருகிறது. ஆனால் சாப்பாடு, சினிமா, சண்டை என்ற எல்லையைக் கடந்ததும் சொல் கிடைக்காமல் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறார்கள். இக்குறையைப் போக்கலாம் என்ற எண்ணத்தில், அவென்யூ சாலையில் ஓர் எழுதுபொருள் கடையில் 640 ரூபாய்க்கு இந்த அட்டைத் தொகுப்பை வாங்கினேன். ஆறு வகைக் கட்ட அமைப்புகள், வகைக்கு நான்காக 24 அட்டைகள், ஏ4 அளவு, இரு புறமும் லேமினேஷன். ஆங்கிலத்துக்காகச் செய்த தொகுப்பின் தலைப்புகளை மட்டும் தமிழாக்கியிருக்கிறார்கள் என்பது இரண்டாம் வாரத்திலேயே தெரிந்துவிட்டது.

முதலில் நன்றாக இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். நான்கு கட்ட அட்டை, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டோரத்தி ஃபிரேயரும் உடன் ஆய்வாளர்களும் 1969இல் வகுத்த அமைப்பு. நடுவில் சொல்லை எழுதி, சுற்றிலும் வரையறை, இயல்புகள், எடுத்துக்காட்டுகள், எடுத்துக்காட்டு ஆகாதவை ஆகியவற்றை நிரப்ப வேண்டும். இதன் உயிர் நான்காவது கட்டத்தில்தான் இருக்கிறது. ‘கிழங்கு’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டபோது சேனை, கருணை, உருளை என்று வரிசையாகச் சொல்லிவந்த குழந்தைகள், மண்ணுக்கடியில் விளைகிறது, பெயரிலேயே வேர் இருக்கிறது என்ற இரு காரணங்களைக் காட்டி வேர்க்கடலையையும் அதில் சேர்த்தார்கள். அது ஓட்டுக்குள் இருக்கும் விதை என்று அவர்களே வாதிட்டு அதை நான்காம் கட்டத்துக்கு மாற்றிய பிறகுதான், அதுவரை எழுதியிருந்த வரையறையை அழித்துத் திருத்தினார்கள். அகராதிப் பொருளை மனப்பாடம் செய்யும் வகுப்பில் இத்தகைய திருத்தம் நிகழ்வதில்லை. ஆனால் பெயர்ச்சொற்களுக்குத்தான் இந்த அட்டை பொருந்துகிறது. ‘தயங்கு’ என்ற வினைக்கு முயன்று தோற்றோம்.

எதிர்பாராத பயனைத் தந்தது இரு வட்ட அட்டை. ஜான் வென் 1880இல் தருக்கவியலுக்காக விளக்கிய இவ்வட்டங்களை, ஒருபொருட் சொற்களை ஒப்பிடுவதற்கென்று கையேடு பரிந்துரைக்கிறது. நான் ஒரு வட்டத்தில் தமிழையும் மற்றதில் கன்னடத்தையும் வைத்தேன். பால், ஹாலு, பல், ஹல்லு, புலி, ஹுலி, பத்து, ஹத்து என்று எழுதிக்கொண்டே வந்தபோது, தமிழின் பகரம் கன்னடத்தில் ஹகரமாக நிற்பதை ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி கண்டுபிடித்தாள். பழைய கன்னடத்திலும் அது பகரமாகவே இருந்து பின்னர் மாறியது என்று சொன்னதும், மாரத்தஹள்ளியை ‘மாரத்தபள்ளி’ ஆக்கிப் பார்த்து, “மிஸ், அப்போ பள்ளின்னா ஊரா, ஸ்கூலா?” என்று கேட்டாள். திருச்சிராப்பள்ளியை இரு வட்டங்களும் சேரும் நடுப்பகுதியில் எழுதி அன்றைய வகுப்பை முடித்தோம். ‘மீன்’, ‘ஊர்’, ‘கண்’ போன்றவை சிறு மாற்றத்துடனோ மாற்றமின்றியோ நடுவில் வந்து அமர்ந்தன. பள்ளியில் படிக்கும் கன்னடம் தமிழுக்குப் போட்டி என்று நினைக்கும் பெற்றோர், இந்த ஓர் அட்டையையாவது பார்க்க வேண்டும்.

சொற்களை நிலைப்படி வரிசையாக அடுக்கும் படிநிலைப் பட்டையில் ஐந்து கட்டங்களே உள்ளன. ‘வெதுவெதுப்பு, சூடு, கொதிப்பு’ போன்றவற்றுக்கு அவை போதும். ஆனால் அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்ற பூவின் ஏழு நிலைகளுக்கு இரண்டு பட்டைகளை ஒட்ட வேண்டியிருந்தது. வீட்டில் ‘மொக்கு’ என்று சொல்லும் சிறுவன் அதற்கு எங்கே இடம் என்று கேட்டதால், மொட்டின் தலைக்கு மேலேயே அதையும் எழுதினோம்.

தொகுப்பின் பெருங்குறை சொற்பகுப்பு அட்டை. முன்னொட்டு, வேர், பின்னொட்டு என்று மூன்றே கட்டங்கள். ஆங்கிலத்துக்கு அது சரி. தமிழ் வினையில் முன்னால் எதுவும் ஒட்டுவதில்லை, பின்னால்தான் அடுக்கடுக்காகச் சேர்கிறது. பகுதி, விகுதி, இடைநிலை, சந்தி, சாரியை, விகாரம் என்ற ஆறு உறுப்புகளை நன்னூல் சொல்கிறது; ‘வந்தனன்’ என்ற ஒரே சொல்லில் ஆறும் வருகின்றன. அச்சொல்லை இவ்வட்டையில் எழுதினால் முதல் கட்டம் வெறுமையாகக் கிடக்க, கடைசிக் கட்டத்தில் த், அன், அன் மூன்றும் நெருக்கியடித்து நிற்கும். நான்காம் நாளோடு இதை ஒதுக்கிவிட்டுக் கரும்பலகையில் ஆறு கட்டங்களை நானே வரைந்துகொண்டேன். தமிழாசிரியர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் கேட்டிருந்தால் பதிப்பாளர் இப்பிழையைத் தவிர்த்திருக்கலாம்.

எஞ்சிய இரண்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சிலந்தி வலை அட்டை, தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்குப் பழக்கமான மன வரைபடமேதான். அதற்குப் பணம் தேவையில்லை. படம், வாக்கிய அட்டையைச் சிறியவர்கள் விரும்புகிறார்கள்.

லேமினேஷன் தரமானது, ஆனால் உடன் தந்த மார்க்கர் ஒரு வாரம் விட்டால் அழிவதில்லை. ஈரத்துணியும் சானிடைசரும் வேண்டியிருக்கின்றன. கட்டங்கள் தமிழ்ச் சொல்லின் நீளத்துக்குக் குறுகியவை என்பதால் பத்து வயதுக்குக் கீழுள்ளவர்களின் கையெழுத்து வெளியே வழிகிறது. முழுத் தொகுப்பு வேண்டாம். கடைக்காரர் நான்கு கட்டம், இரு வட்டம் ஆகியவற்றை மட்டும் உதிரியாக, அட்டை 30 ரூபாய் வீதம் தருகிறார். பட்டையைச் சார்ட் தாளில் ஏழு கட்டமாக வெட்டிக்கொள்ளலாம். தொகுப்புடன் வந்த பிளாஸ்டிக் உறை முதல் மாதமே கிழிந்ததால், என் அட்டைகள் இப்போது ஒரு பட்டுப்புடவைப் பெட்டியில் இருக்கின்றன.