பழைய அணியிலேயே மேலாளரா, வேறு ஊருக்கா?

ஐஸ் ஹாக்கி வீரர் ஓய்வுபெற்றதும் ஜெனரல் மேனேஜர் (வீரர்களைத் தேர்ந்தெடுத்து அணியைக் கட்டும் மேலாளர்) ஆக நினைத்தால், முன்னே இரண்டு வழிகள். ஜோ சாக்கிக் தான் ஆடிய கொலராடோ அவலாஞ்ச் அணியிலேயே இருந்தார். ஸ்டீவ் ஐசர்மேன் தான் ஆடிய டெட்ராய்டை விட்டு 2010-ல் தம்பா பே அணிக்கு மேலாளராகப் போனார்.

பயிற்சிக்காலம்: சாக்கிக் 2009-ல் ஓய்வு, 2011-ல் ஆலோசகர், 2014-ல் மேலாளர். ஐசர்மேன் 2006 முதல் நான்கு ஆண்டுகள் டெட்ராய்டில் துணைத் தலைவர்.

பொறுமை: 2016-17-ல் கொலராடோ எடுத்தது வெறும் 48 புள்ளிகள், வட அமெரிக்காவின் NHL லீகிலேயே கடைசி. பதவி பறிபோகும் நிலை அது. ஆனாலும் சாக்கிக்கை நீக்கவில்லை. பழைய கேப்டன் என்ற மரியாதையும் அவரைக் காத்தது என்றே நினைக்கிறேன். வெளியூரில் அந்தக் கவசம் கிடையாது.

சுதந்திரம்: இதில் ஐசர்மேன் வழிதான் மேல். கூட ஆடிய நண்பனை விற்கும் சங்கடம் இல்லை. அணிகள் இளம் வீரர்களை முறைவைத்து எடுக்கும் 2011 தேர்வில், தன் கணிப்பை நம்பி 58-வது இடத்தில் குச்செரோவை எடுத்தார்; அவர் பின்னாளில் அணியின் நட்சத்திரம்.

பலன்: சாக்கிக்குக்கு லீக் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை 2022-ல். ஐசர்மேன் 2018-ல் பதவி விலகினார். அவர் கட்டிய அணி 2020, 2021-ல் அதே கோப்பையை வென்றது.

சரி, யாருக்கு எது? மெதுவாகக் கட்டியெழுப்ப நினைப்பவருக்குச் சொந்த அணி. தன் கணிப்பை மட்டுமே நம்பி முடிவெடுக்க விரும்புபவருக்கு வெளியூர். அப்புறம், திரும்பவும் வரலாம்: ஐசர்மேன் 2019-ல் டெட்ராய்டுக்கே மேலாளராக வந்துவிட்டார்.