மயில்துத்தமா, போர்டோவா, ஆக்சிகுளோரைடா, ஹைட்ராக்சைடா: கையாளுகிறவருக்கு எது தேவலை?

பயிரின் பூஞ்சாண நோய்களுக்கு அடிக்கும் இந்தச் செம்பு மருந்துகளை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் எது இலைப்புள்ளியை நிறுத்துகிறது, எது மழைக்குத் தாங்குகிறது என்றுதான் பார்க்கிறார்கள். பொட்டலத்தைப் பிரித்து, அளந்து, கலக்கி, அடித்து, தெளிப்பானைக் கழுவி வைக்கிற மனிதருக்கு எது என்ன செய்யும் என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. இங்கே அதை மட்டும் பார்க்கலாம்.

நான்கிலும் பூஞ்சாணத்தைக் கொல்வது ஒரே செம்பு அயனிதான். ஆகவே யாராவது ஒன்றைக் காட்டி "இதில் விஷம் கம்மி" என்றால், கண்ணில் பட்டாலா, மூக்கில் போனாலா, வயிற்றுக்குள் போனாலா என்று திருப்பிக் கேளுங்கள். பதில் ஒவ்வொன்றுக்கும் மாறும்.

முதலில் மயில்துத்தம், அதாவது காப்பர் சல்ஃபேட். நீலப் படிகம், எடையில் கால் பங்கு செம்பு. 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் 300 கிராமுக்கு மேல் கரையும். மற்ற மூன்றும் தண்ணீரில் கிட்டத்தட்டக் கரையாதவை, எனவே இதன் ஆபத்து முழுக்க இந்தக் கரைதிறனில்தான் இருக்கிறது. கரைசல் அமிலத்தன்மை கொண்டது. கண்ணில் தெறித்தால் வெறும் எரிச்சலோடு போகாது, விழிப்படலமே நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். விழுங்கினால் குடல் புண்ணாகும், வாந்தி நீலப்பச்சையாக வரும், அதோடு நிற்காமல் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து ஈரலும் சிறுநீரகமும் அடிவாங்கும். ஒரு காலத்தில் மருத்துவர்கள் வாந்தி எடுக்கவைக்க இதையே கொடுத்தார்கள், பிறகு இதன் நஞ்சே பெரிய பிரச்சினை என்று கைவிட்டார்கள். பார்க்க அழகான நீலக்கல் வேறு, குழந்தை கையில் எடுக்காமல் இருக்காது. கரைத்து மிஞ்சியதைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கம் யாருக்காவது இருந்தால் இன்றே விடட்டும்.

ஆனால் இதற்கு ஒரு நல்ல குணமும் உண்டு: பெரிய படிகமாக வாங்கினால் தூசி பறக்காது. சீக்கிரம் கரையும் என்று மாவாக அரைத்ததை வாங்குகிறவர்கள் இந்த ஒரே சாதகத்தையும் இழக்கிறார்கள். படிகத்தைத் துணியில் கட்டி, தண்ணீரின் மேல்மட்டத்தில் முங்குகிற மாதிரி இரவில் தொங்கவிட்டால் காலையில் தானாகக் கரைந்திருக்கும். கிண்டவும் வேண்டாம், கொதிநீர் ஊற்றித் தெறிக்கவிடவும் வேண்டாம். பாத்திரம் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். இரும்பு வாளியில் கரைத்தால் செம்பு இரும்பின் மேல் படிந்துவிடும், வாளியும் ஓட்டையாகும், மருந்தும் வலுவிழக்கும்.

இதை நேராக இலையில் அடித்தால் இலை கருகிவிடும். அதனால்தான் சுண்ணாம்பு சேர்த்துப் போர்டோ கலவை ஆக்குகிறார்கள். 1885-ல் மில்லார்டே பிரான்சின் போர்தோ திராட்சைத் தோட்டங்களிலிருந்து இதை வெளியிட்டார், அன்றிலிருந்து செய்முறை பெரிதாக மாறவில்லை. 1 சதவீதக் கலவைக்கு 1 கிலோ துத்தம், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர்.

பலரும் போர்டோவில் துத்தத்தைக் கண்டுதான் பயப்படுகிறார்கள். எனக்கென்னவோ அதில் பெரிய வில்லன் சுண்ணாம்புதான். சுட்ட சுண்ணாம்பின் மேல் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றினால் அது கொதித்துத் தெறிக்கும், அப்படித் தெறிப்பது பிஎச் 12-க்கு மேல் உள்ள காரம். அமிலம் கண்ணில் பட்டால் பெரும்பாலும் மேலே உள்ள புரதத்தைத் திரளவைத்து ஓரளவு அங்கேயே நின்றுவிடும். காரம் அப்படி நிற்பதில்லை, திசுவைக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்கும். ஏற்கெனவே நீர்த்த சுண்ணாம்பாக வாங்கினால் இந்தக் கொதிப்பு இல்லை, எடை மட்டும் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகப் போட வேண்டும். அப்போதும் தூசியும் காரமும் அப்படியே இருக்கின்றன என்பதால் கண்களை முழுக்க மூடும் கண்ணாடியைக் கழற்ற முடியாது. படிக்கிற கண்ணாடி இதற்கு உதவாது, பக்கவாட்டில் தெறித்து உள்ளே போய்விடும்.

துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் மெதுவாக ஊற்றிக் கலக்க வேண்டும், மாற்றி ஊற்றக்கூடாது. முடிந்ததும் பளபளப்பான இரும்புக் கத்தியைக் கொஞ்ச நேரம் முக்கிப் பாருங்கள். செம்பழுப்பாகப் படிந்தால் கட்டுப்படாத செம்பு இன்னும் இருக்கிறது, சுண்ணாம்பு போதவில்லை. பயிர் கருகாமல் இருக்கத்தான் இந்தச் சோதனை என்பார்கள். இருக்கட்டும், அடிக்கிறவர் மேல் படுவதும் அதே கலவைதானே.

இன்னொன்று, "பழைய முறை, இயற்கை விவசாயத்திலேயே அனுமதி உண்டு" என்று சொல்லி முகக்கவசம் இல்லாமல் போர்டோ அடிப்பவர்களுக்கு. போர்ச்சுகலில் ஆண்டுக்கணக்கில் இதைத் திராட்சைக்கு அடித்த தொழிலாளர்களின் நுரையீரலில் செம்பு படிந்து கட்டிகளும் தழும்புகளும் உருவானதை 1969-ல் மருத்துவர்கள் தனி நோயாகவே பதிவு செய்தார்கள். திராட்சைத் தெளிப்பாளர் நுரையீரல் என்றே அதற்குப் பெயர். பனிபோல வரும் தெளிப்பை நாள் முழுக்க மூச்சில் இழுத்ததன் விளைவு அது.

அடுத்தது காப்பர் ஆக்சிகுளோரைடு. 50 சதவீதம் செம்பு உள்ள நனையும் தூளாகத்தான் (தண்ணீரில் கலக்கி அடிக்கும் தூள்) அதிகம் கிடைக்கிறது. லிட்டருக்கு இரண்டரை, மூன்று கிராம் போட்டு அடிப்பார்கள். சுண்ணாம்பு வேண்டாம், கத்தி வேண்டாம், ஐந்து நிமிடத்தில் தயார். கண்ணைப் பொறுத்தவரை நான்கில் இதுதான் சாது. ஆனால் "தண்ணீரிலேயே கரையாது, உள்ளே போனால் என்ன செய்துவிடும்" என்று நினைக்கிறார்கள் பாருங்கள், அது தப்பு. தண்ணீரில் கரையாதது வயிற்று அமிலத்தில் தாராளமாகக் கரையும். ஐரோப்பிய ஒன்றியத்தின் வகைப்பாட்டில் விழுங்கினால் ஏற்படும் நஞ்சில் துத்தத்தைவிட ஆக்சிகுளோரைடைத்தான் ஒரு படி மோசமாக வைத்திருக்கிறார்கள்.

காப்பர் ஹைட்ராக்சைடு பார்க்க அதன் தம்பி மாதிரிதான் இருக்கும், நீலப்பச்சைத் தூள், அடிக்கும் அளவு இன்னும் குறைவு, பொதுவாக லிட்டருக்கு 2 கிராம். அதனால் இதுவே பாதுகாப்பானது என்று தோன்றும். வகைப்பாடு சொல்வது நேர் எதிர்: ஹைட்ராக்சைடை மூச்சில் இழுத்தால் உயிருக்கே ஆபத்து, கண்ணுக்குக் கடும் சேதம். ஆக்சிகுளோரைடுக்கு மூச்சுவழி எச்சரிக்கை இதைவிட இரண்டு படி லேசானது, கண் எச்சரிக்கையே கிடையாது. ஒன்றுக்குப் பழகிய கையோடு இன்னொன்றைப் பிரிக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

இரண்டு தூளிலும் ஆபத்தான நேரம் பொட்டலத்தைத் திறந்து அளக்கும் அந்த ஒரு நிமிடம்தான், வயலில் அடிக்கும் நேரம்கூட அதற்கு அப்புறம்தான். கிழிக்காமல் கத்தரியால் வெட்டுங்கள், காற்று முதுகுப் பக்கம் இருக்கட்டும், என்95 மாதிரியான தூசி முகக்கவசம் போடுங்கள் (துணி கட்டிக்கொள்வது மனத்திருப்திக்கு மட்டும்), தூளை முதலில் கொஞ்சம் தண்ணீரில் குழைத்துக்கொண்டு அப்புறம் தொட்டியில் ஊற்றுங்கள். இதே மருந்துகள் தண்ணீரில் சிதறும் குருணையாகவும் கெட்டித் திரவமாகவும் வருகின்றன. தூசித் தொல்லையை அவை பெருமளவு குறைக்கும், கிடைத்தால் யோசிக்காமல் அவற்றுக்கு மாறிவிடலாம். ஹைட்ராக்சைடு என்றால் கட்டாயம் குருணைதான், தூளாக நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

முதலுதவி நான்குக்கும் ஒன்றுதான். கண்ணில் பட்டால் உடனே இமையைப் பிரித்துப் பிடித்து 15, 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள். சுண்ணாம்பு என்றால் போகிற வழியிலும் கழுவிக்கொண்டே போங்கள். விழுங்கியிருந்தால் வாயைக் கொப்பளித்துவிட்டு, வாந்தி எடுக்கவைக்காமல், பொட்டலத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

அப்படியானால் எதை வாங்குவது? கொஞ்சம் செடிகளே வைத்திருப்பவர், எப்போதாவது அடிப்பவர் என்றால் ஆக்சிகுளோரைடு போதும், முடிந்தால் குருணையாக. போர்டோ அதைத் தொடர்ந்து செய்து பழகியவர்களுக்கு, கண்ணாடியும் கையுறையும் இரண்டு பிளாஸ்டிக் வாளிகளும் தனியாக வைத்திருப்பவர்களுக்கு. துத்தத்தைத் தனியாக அடிக்க எந்தக் காரணமும் இல்லை.

போர்டோவுக்கு எதிராக ஒரு கணக்கும் இருக்கிறது. 1 சதவீதக் கலவை 100 லிட்டரில் சுமார் 255 கிராம் செம்பு. ஆக்சிகுளோரைடு என்றால் அதே 100 லிட்டரில் 125 முதல் 150 கிராம், ஹைட்ராக்சைடில் 100 கிராம் அளவில். செம்பு மட்கிப் போகிற பொருளல்ல, மண்ணிலேயே தங்கிவிடும். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 7 ஆண்டுகளில் ஹெக்டேருக்கு 28 கிலோ என்று வரம்பு வைத்திருக்கிறது, அதாவது சராசரியாக ஆண்டுக்கு 4 கிலோ. ஹெக்டேருக்கு 1,000 லிட்டர் வீதம் 1 சதவீதப் போர்டோவை இரண்டே முறை அடித்தால் 5 கிலோவைத் தாண்டிவிடுகிறது.

நான்குமே மீனுக்குக் கொடிய விஷம், தண்ணீர் மென்மையாக, அதாவது சுண்ணாம்பு உப்புகள் குறைவாக இருந்தால் இன்னும் மோசம். தெளிப்பானைக் கழுவிய தண்ணீரைக் குளத்துப் பக்கமோ வாய்க்காலிலோ விடாமல், மருந்து அடித்த நிலத்திலேயே பரவலாக ஊற்றிவிடுங்கள். செம்மறி வளர்ப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் செம்பைத் தாங்கும் சக்தி ஆடுமாடுகளில் செம்மறிக்குத்தான் மிகக் குறைவு. அடித்த மரத்தடிப் புல்லில் அவற்றை மேயவிடாதீர்கள், வெள்ளாடு தின்று ஒன்றும் ஆகவில்லையே என்பது இதற்குச் சான்றாகாது.