சேலம், ஏற்காடு மக்கள் கவனத்துக்கு: ‘மதர்போர்டு போய்விட்டது’ என்று சொன்னவுடன் பணம் கட்டிவிடாதீர்கள்

லேப்டாப்பில் தண்ணீர் பட்டுவிட்டது, போன் கீழே விழுந்துவிட்டது என்று கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டருக்குப் போகிறவர்கள், அங்கே சொல்லும் முதல் தொகைக்கே தலையாட்டிவிடாதீர்கள். 68,000 ரூபாய்க்கு வாங்கிய என் லேப்டாப்பைப் பழுது பார்க்க 54,280 ரூபாய் கேட்டார்கள். அதே லேப்டாப் 4,200 ரூபாய்ச் செலவில் சரியாகி, இந்தப் பதிவை எழுத உதவிக்கொண்டிருக்கிறது. புகார் நிலுவையில் இருப்பதால் கம்பெனியின் பெயரை இங்கே எழுதவில்லை. வேறு கம்பெனிப் பொருள் வைத்திருப்பவர்களும் இதைப் படியுங்கள்.

நாகலூர்ப் பக்கம் சில சிறிய காபித் தோட்டங்களுக்குக் கூலிக் கணக்கு எழுதுவது என் தொழில். பழம் பறிப்பு தொடங்கும் கார்த்திகை மாதத்தில் ஆடிட்டரைப் பார்க்கச் சேலத்துக்கு இறங்கினேன். கொண்டை ஊசி வளைவுகளில் மழை பிடித்துக்கொண்டது. பஸ் ஜன்னலின் ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டு இறங்கவில்லை. மடியில் இருந்த பை ஒரு பக்கம் முழுக்க நனைந்துவிட்டது. அஸ்தம்பட்டியில் இறங்கிப் பார்த்தபோது லேப்டாப் உயிர் பெறவில்லை. வாரண்டி முடிய இன்னும் பல மாதங்கள் இருந்ததால் நேராகச் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன்.

திறந்து பார்ப்பதற்கு மட்டும் வரியோடு 1,180 ரூபாய் வாங்கினார்கள். அதைப் பற்றிப் புகார் இல்லை. பார்க்கிறவரின் நேரத்துக்கும் கூலி உண்டு. ஆனால் அந்தப் பணத்துக்கு அவர்கள் என்ன பார்த்தார்கள் என்பதுதான் கேள்வி. பிறகு போனில் சொன்னது இவ்வளவுதான்: “லிக்விட் டேமேஜ் மேடம். வாரண்டி வராது. மதர்போர்டு போய்விட்டது.” மதர்போர்டு என்பது பல சின்னப் பாகங்கள் பொருத்திய முதன்மைப் பலகை; அந்தப் போர்டில் எது பழுது என்று கேட்டேன். “போர்டுதான் பழுது. நாங்கள் போர்டையே மாற்றிவிடுவோம்” என்றார்கள்.

எஸ்டிமேட்டில் இருந்ததை அப்படியே தருகிறேன். மதர்போர்டு 31,500. கீபோர்டு, மேல்மூடியுடன் 11,000. வேலைக்கூலி 3,500. ஆக 46,000, அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 8,280. கீபோர்டில் தண்ணீர் பட்டிருக்கலாம் என்பதால் அதையும் மாற்ற வேண்டுமாம். கீபோர்டை மட்டும் தனியாக மாற்ற முடியாதா என்று கேட்டதற்கு, அது மேல்மூடியோடு சேர்த்தே வரும் என்றார்கள். இது உண்மைதான். இப்போது வரும் பல மாடல்களில் கீபோர்டை மேல்மூடியோடு பிளாஸ்டிக் ஆணிகளால் உருக்கி ஒட்டியிருக்கிறார்கள். சிலவற்றில் பேட்டரியும் அதோடு ஒட்டியிருக்கும். ஒரு எழுத்துப் பொத்தான் கெட்டாலும் முழுத் தட்டையும் வாங்க வேண்டும் என்ற நிலையை வடிவமைப்பிலேயே வைத்துவிடுகிறார்கள்.

தண்ணீர் பட்டதற்கு ஆதாரம் கேட்டேன். உள்ளே ஒட்டியிருக்கும் சின்ன வெள்ளை ஸ்டிக்கர் சிவந்துவிட்டதைக் காட்டும் ஒரே ஒரு படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். அது என் லேப்டாப்தான் என்று காட்ட ஒரு சீரியல் எண்கூட அந்தப் படத்தில் இல்லை. தண்ணீர் பட்டதை நான் மறைக்கவே இல்லை. முதல் நாளே, பொருளை வாங்கிக்கொண்டு அவர்கள் தரும் ஜாப் ஷீட்டில் எழுதச் சொன்னதும் நான்தான். ஆனால் அந்த ஸ்டிக்கர் சொல்வது, அந்த இடத்தைத் தண்ணீர் தொட்டது என்பதை மட்டும்தான். எந்தப் பாகம் கெட்டது, போர்டு பிழைக்குமா பிழைக்காதா என்பதை அது சொல்லாது. வாரண்டியை மறுக்க அது போதும். 31,500 ரூபாய்க்குப் போர்டு விற்க அது போதாது.

என்னை மிகவும் வருத்தியது கணக்கு விஷயம். அந்த வாரத்துக் கூலிக் கணக்கு முழுக்க உள்ளே இருந்தது. என் லேப்டாப்பில் கோப்புகள் சேமிக்கப்படும் எஸ்.எஸ்.டி. தனிப் பாகம், ஒரே ஒரு திருகைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். அதை மட்டும் எடுத்துக் கொடுங்கள் என்று கேட்டேன். வேலை நடக்கும்போது பாகங்களைத் தர முடியாது, பழுது பார்த்த பிறகு விண்டோஸைப் புதிதாகப் போடுவோம், டேட்டாவுக்குப் பொறுப்பில்லை என்றார்கள். ஜாப் ஷீட்டின் அடியில் பொடி எழுத்தில் அதுவும் அச்சாகியிருக்கிறது. தோட்டத்து மேஸ்திரி பறிப்புக் கணக்கு எழுதும் செக்ரோல் நோட்டை வாங்கி, ஒவ்வொரு பெயருக்கும் எத்தனை கிலோ பழம் என்று மறுபடி கையால் கூட்டித்தான் சனிக்கிழமைக் கூலியைக் கொடுத்தோம். அந்தக் கூலியை நம்பிச் சந்தைக்குப் போகிற குடும்பங்கள் அவை. ஒரு திருகைக் கழற்ற மறுத்ததன் விலை இது.

எஸ்டிமேட் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த பிறகும் லேப்டாப்பை உடனே தரவில்லை. வந்தபோது பின்மூடியில் இரண்டு திருகுகள் இல்லை, ஓரத்தில் ஒரு கொக்கி உடைந்திருந்தது. கேட்டால், முன்பே அப்படி இருந்திருக்கும் என்றார்கள். நல்லவேளையாகக் கொடுக்கும்போதே நான்கு பக்கமும் படம் எடுத்து வைத்திருந்தேன். படத்தைக் காட்டியதும் பேச்சு நின்றது; திருகு மட்டும் இன்றுவரை வரவில்லை.

பழைய பஸ் நிலையம் பக்கத்துச் சந்தில், போர்டை மாற்றாமல் அதில் கெட்ட சின்னப் பாகத்தை மட்டும் மாற்றும் சிப் லெவல் வேலை செய்யும் தம்பி ஒருவரிடம் ஆடிட்டர் அலுவலகத்தில் இருந்தவர்கள் அனுப்பிவைத்தார்கள். “அக்கா, நீங்களும் உட்கார்ந்து பாருங்கள்” என்று சொல்லித்தான் திறந்தார். முதலில் எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி வேறு கணினியில் போட்டு, என் கணக்குகள் பத்திரமாக இருப்பதைக் காட்டி, பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் போர்டைத் தொட்டார். மல்டிமீட்டரை வைத்ததும் மின்சாரம் உள்ளே நுழையும் பாதையில் ஷார்ட் இருப்பது தெரிந்தது. போர்டின்மேல் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தடவி, குறைந்த வோல்டேஜில் மின்சாரம் கொடுத்தார். போர்டு முழுக்க ஈரமாக மின்னிக்கொண்டிருக்க, ஒரு இடம் மட்டும் கண்ணெதிரிலேயே உலர்ந்தது. ஷார்ட் ஆன பாகம் சூடாவதால் அங்கேதான் ஆல்கஹால் முதலில் ஆவியாகும் என்று விளக்கினார். மைக்ரோஸ்கோப்பில் என்னையும் பார்க்கச் சொன்னார். மின்சாரத்தைத் தேக்கி வைக்கும், கடுகைவிடச் சிறிய ஒரு கெபாசிட்டர். அதன் காலடியில் பச்சையாகக் களிம்பு. அதை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்து, போர்டைச் சுத்தம் செய்து, சார்ஜரைச் செருகினார். விளக்கு எரிந்தது. கீபோர்டைக் கழற்றாமலே சோதித்தார். எல்லாப் பொத்தான்களும் வேலை செய்தன. 4,200 ரூபாய், கையெழுத்துப் போட்ட பில், மூன்று மாத உத்தரவாதம்.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் இருக்கிற பையன்களை நான் குறை சொல்லவில்லை. அந்தக் கெபாசிட்டரை மாற்ற அவர்களுக்கு அனுமதியே கிடையாது. போர்டு ஒரே உருப்படி, அதைக் கழற்றி மாற்று, அவ்வளவுதான் அவர்களுக்கு உத்தரவு. எங்கள் தோட்டத்தில் காபிப் பழம் உரிக்கும் பல்பரில் பேரிங் தேய்ந்தால் மெக்கானிக் பேரிங்கை மாற்றுவார். புது பல்பர் வாங்கச் சொல்ல மாட்டார். இங்கே புது பல்பர் வாங்கச் சொல்வதைத்தான் பழுதுபார்ப்பு என்கிறார்கள். அத்தனை விலை கொடுத்து மாற்றினாலும் பழைய போர்டு எனக்குக் கிடையாதாம், கம்பெனிக்கே போய்விடுமாம். அதையாவது எஸ்டிமேட்டில் எழுதுங்கள் என்றேன், எழுத மறுத்துவிட்டார்கள்.

லேப்டாப் வாங்கிய ஷோரூமிலும் ஒரு விஷயம் நடந்தது. நீட்டிப்பு வாரண்டி போட்டால் எதற்கும் கவலை வேண்டாம் என்று சொல்லித்தான் தனியாகப் பணம் வாங்கினார்கள். அந்தத் திட்டத்தின் நிபந்தனைகள் பில் போட்ட பிறகுதான் மின்னஞ்சலில் வந்தன. நீட்டிப்பு வாரண்டி என்பது தயாரிப்புக் குறைபாட்டுக்கான காலத்தை நீட்டுவது மட்டுமே. தண்ணீர், விழுதல், உடைதல் எதற்கும் அது உதவாது. அவற்றுக்கு விபத்துப் பாதுகாப்பு என்று தனித் திட்டம் இருக்கிறது. விற்பவர் வாயால் சொல்வதை நம்பாமல், “தண்ணீர் பட்டால் செல்லுமா?” என்பதற்குப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். தண்ணீர் புகாது என்று ஐ.பி.68 தரம் போட்டு விற்கும் போன்களுக்கும் பெரும்பாலான கம்பெனிகளின் வாரண்டியில் தண்ணீர்ச் சேதம் சேராது என்பதையும் மறக்க வேண்டாம். அருவி, போட், மழை என்று ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் அதை நம்பித்தான் போனை நனைக்கிறார்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்தேன், தமிழிலேயே பேசலாம். அதன் பிறகு கம்பெனியிலிருந்து அழைத்து, நல்லெண்ண அடிப்படையில் பத்து சதவீதம் குறைத்து 48,852 ரூபாய்க்குச் செய்து தருவதாகச் சொன்னார்கள். என் கேள்வி தொகையைப் பற்றியது அல்ல, எந்தப் பாகம் பழுது என்பது. அதற்குப் பதிலே இல்லை. ஆகவே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கிறேன். கம்பெனியின் தலைமையகம் எந்த ஊரில் இருந்தாலும், நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். நாம் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை.

2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு தளத்தைத் தொடங்கியது. நல்ல தொடக்கம்தான். ஆனால் கம்பெனிகள் பாகத்தையும் போர்டின் சர்க்யூட் வரைபடத்தையும் வெளியே கொடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டம் வந்தால்தான் அந்தச் சந்துக் கடைத் தம்பிக்கும் நமக்கும் பயன். பிரான்சில் 2021 முதல் லேப்டாப் விற்கும் இடத்திலேயே அதை எவ்வளவு எளிதாகப் பழுது பார்க்கலாம் என்று பத்துக்கு மதிப்பெண் போட வேண்டும். நம் ஊர் ஷோரூமில் ரேமும் எஸ்.எஸ்.டி.யும் கழற்றக்கூடியவையா என்று நாமே கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. வாங்கும்போது அதைக் கட்டாயம் கேளுங்கள்.

இதற்காக, பார்த்த கடையில் எல்லாம் கொடுத்துவிட வேண்டாம். சிப் லெவல் என்று பலகை வைத்த எல்லாரிடமும் மைக்ரோஸ்கோப் இருப்பதில்லை. உங்கள் எதிரில் திறக்க மறுப்பவர், பில் தர மறுப்பவர் இருவரிடமிருந்தும் எழுந்து வந்துவிடுங்கள்; பில் தராமல் இருப்பதே சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பேட்டரி உப்பிவிட்டால் மட்டும் விலை பார்க்காமல் கம்பெனி பேட்டரியே போடுங்கள், அது தீப்பிடிக்கும் பொருள். தண்ணீர் படாத, வாரண்டிக்குள் வரும் பழுதுக்கும் கம்பெனிதான் சரி. நனைந்த லேப்டாப்பை ஆன் ஆகிறதா என்று திரும்பத் திரும்ப அழுத்திப் பார்க்காதீர்கள்; மின்சாரம் பாயப் பாயக் களிம்பு வேகமாகப் பிடிக்கும். அரிசியில் புதைப்பதாலும் பயனில்லை. அணைத்துவிட்டுச் சீக்கிரமாகத் திறந்து சுத்தம் செய்வதே வழி.

சேலம், ஏற்காடு, ஆத்தூர், மேட்டூர்ப் பக்கத்தில் இதேபோல் ‘போர்டு போய்விட்டது’ என்ற ஒற்றை வரி எஸ்டிமேட் வாங்கியவர்கள், அந்தத் தாளையும் ஜாப் ஷீட்டையும் தூக்கிப் போட்டுவிடாமல் வைத்திருங்கள். வெளியே குறைந்த செலவில் சரியாகியிருந்தால் அந்தப் பில்லையும் சேர்த்து 1915இல் பதிவு செய்யுங்கள். ஆணையத்தில் என் வழக்கு விசாரணைக்கு வந்ததும் என்ன நடந்தது என்று எழுதுகிறேன்.